மலைச் சைக்கிள் அமைப்பில் நிலைபெறாத புதுமைகள்

மலைச் சைக்கிள் என்பது கரடான மண்பாதைகளிலும் செங்குத்தான சரிவுகளிலும் ஓடுவதற்கென்றே பருத்த டயர்களும் பல கியர்களும் வலிய சட்டமும் கொண்டு நிர்மாணிக்கப்பட்ட வாகனம். அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்து டமால்பாயிஸ் மலைச் சரிவுகளில் பழைய சைக்கிள்களை இறக்கிப் பந்தயம் விட்ட இளைஞரிடையே 1970-களில் அது தோன்றியது. 1977-இல் ஜோ பிரீஸ் அதற்கெனத் தனிச் சட்டம் செய்தார். 1981-இல் வந்த ஸ்டம்ப்ஜம்பர் என்னும் வண்டி அதனைத் தொழிற்சாலைப் பண்டமாக்கிற்று. கோடியக்கரை இராமர் பாதத்து மணல்மேட்டைத் தவிர மேடு என்று சொல்ல ஒன்றும் இல்லாத வேதாரண்யத்தில் இருந்துகொண்டு இவ்விஷயத்தை எழுதுவது பொருந்துமா என்ற ஐயம் எழலாம்; ஆனால், சேறும் மணலும் உப்புக் காற்றும் ஒரு யந்திரத்தை எவ்வாறு சோதிக்கும் என்பதை இவ்வூரார் அறிந்த அளவுக்கு மலைநாட்டார் அறிவரோ என்பது சந்தேகமே.

ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 1983-இல் வெளியிட்ட பயோபேஸ் என்னும் நீள்வட்டப் பல்சக்கரம் மலைச் சைக்கிளில் புகுந்து நிலைபெறாமற் போன புதுமைகளுள் மிகவும் பிரசித்தமானது. பெடல்கள் மேலும் கீழுமாக நிற்கும் கணத்தில் கால் வலுவிழக்கிறது என்பது சைக்கிள் மிதித்த எவரும் அறிந்ததே. அந்தக் கணத்தில் பளு குறையும்படி விட்டத்தைச் சிறிதாக்குவதே முன்னோர் வழக்கம். பயோபேஸோ அதனைத் தலைகீழாக்கி, காலின் வேகமே அக்கணத்தைக் கடத்திவிடும் என்ற நம்பிக்கையில், அங்கே விட்டத்தைப் பெரிதாகவும், கால் முழு வலுவோடு அழுத்துமிடத்தில் சிறிதாகவும் அமைத்தது. ஆழ்ந்த சிந்தனையே அது. ஆயினும் விரைந்து மிதிப்போருக்கு அதன் தாளம் ஒத்துவரவில்லை. பத்தாண்டுக்குள் வட்டச் சக்கரமே மீண்டது. ஆனால் 2012-இல் பிராட்லி விக்கின்ஸ் என்ற வீரர் பிரான்சு தேசத்துப் பெரும்பந்தயத்தை வட்டமல்லாத பல்சக்கரத்தோடு வென்றார். அதன் அகன்ற பக்கம் பயோபேஸுக்கு நேர் மாறாகத் திரும்பியிருந்தது.

1980-களின் இடையில் பின்சக்கரத்து பிரேக்கைப் பெடல் அச்சின் அருகே, பின்சக்கரத்துக்குச் செல்லும் கீழ்க்குழாய்களின் அடியில் ஒளித்து வைத்தார்கள். யு-பிரேக் என்ற அவ்வமைப்பு உறுதியாகவே பிடித்தது. ஆனால் சக்கரம் வாரியெறியும் சேறெல்லாம் போய்த் தங்கும் இடம் அதுவே. நடவுக் காலத்துக் களிமண் பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், மட்கார்டில் அடைத்த சேற்றைக் குச்சியால் நோண்டி நோண்டி எடுத்த காவிரிக் கழிமுகத்து விவசாயியிடம் கேட்டிருந்தால், அவ்விடத்தில் பிரேக்கை வைக்க வேண்டாமென்று அவர் அன்றே சொல்லியிருப்பார்.

செயின் சிக்கிக்கொள்வதைத் தவிர்க்கக் கீழ்க்குழாய்களைச் செயினுக்கு மேலாக உயர்த்திய சட்டங்கள் 1990-ஐ ஒட்டிப் பரவின. ரிச்சர்ட் கன்னிங்ஹாம் வடிவமைத்த நிஷிகி ஏலியன் அவற்றுள் ஒன்று. சிக்கல் தீர்ந்தது; ஆனால் சட்டத்தின் விறைப்புக் குறைந்து எடையும் கூடியதால் அவை மறைந்தன. கைப்பிடித் தண்டிலேயே கீலும் ரப்பர்த் துண்டும் வைத்து அதிர்ச்சியைத் தாங்க முயன்ற ஃபிளெக்ஸ்ஸ்டெம், பிரேக் பிடித்தால் கைப்பிடியையே முன்னே சாய்த்தது; 1989-இல் அதிர்ச்சி தாங்கும் ராக்‌ஷாக்ஸ் முன்கவை வந்ததும் அதற்கு வேலையில்லாமற் போயிற்று. கம்பிக்குப் பதிலாக அழுத்தக் காற்றினால் கியர் மாற்றும் ஏர்லைன்ஸ் என்ற உபகரணத்தையும் ஷிமானோ 1990-களின் இறுதியில் செய்து பார்த்தது. காற்றுக் குப்பி தீர்ந்தால் நிரப்புவதற்கு வசதி வேண்டும். கைப்பம்பும் பஞ்சர் ஒட்டும் பசையுமே முதலாகக் கொண்ட நம் சைக்கிள் கடைகளில் அதற்கு என்ன செய்வது?

தமிழ்நாட்டில் 1949-இல் நிறுவப்பட்டு அம்பத்தூரில் சைக்கிள் உற்பத்தி செய்த டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் பிற்காலத்தில் கியர் வைத்த வண்டிகளையும் விற்றது. ஆயினும் திறந்த நிலையில் தொங்கும் கியர் மாற்றிக்குக் கடலோர உப்புக் காற்று நட்பன்று. சமதரையில் அதன் பிரயோஜனமும் சொற்பமே. செயினுக்குத் தகட்டு உறையும், கம்பிக்குப் பதில் இரும்புத் தண்டுகளால் இழுக்கப்படும் பிரேக்கும் கொண்ட பழைய 28 அங்குல வண்டியே உப்பு மூட்டைக்கும் நெல் மூட்டைக்கும் ஈடுகொடுத்தது. 2001–02-இல் தொடங்கிய அரசின் விலையில்லாச் சைக்கிள் திட்டத்தின் வண்டியும் கியரற்றதே. அகஸ்தியம்பள்ளி உப்பளங்களை ஒட்டிய சாலையில் பள்ளிப் பிள்ளைகள் மிதித்துச் செல்வது அந்த ஒற்றைப் பல்சக்கரத்து வண்டியைத்தான்.