விரலுக்கு எட்டாத கட்டி

19-ஆம் நூற்றாண்டு முடியும் வரை மார்பகத்தில் கட்டி இருக்கிறதா என்று அறிய மருத்துவருக்கு இருந்த சிறந்த கருவி அவருடைய விரல்நுனிதான். விரலுக்கு அகப்படாத கட்டி இல்லாத கட்டியாகவே எண்ணப்பட்டது. அதைக் கண்ணுக்குக் காட்டியவர்களைப் பற்றியும், கண்டபின் கத்திக்கு வழிகாட்டியவர்களைப் பற்றியும் இன்று கூற விரும்புகிறேன். இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டுக்கும் இடையே அரை நூற்றாண்டு கிடக்கிறது.

1895-இல் ராண்ட்கன் எக்ஸ்-கதிரைக் கண்டறிந்தார். பெர்லின் நகரத்து அறுவை மருத்துவர் ஆல்பர்ட் சாலமன், நோய்க்காக அறுத்தெடுக்கப்பட்ட ஏறத்தாழ 3,000 மார்பகங்களை அக்கதிரால் படமெடுத்து ஆராய்ந்து, 1913-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். சில படங்களில் பொடிப் புள்ளிகள் தெரிந்தன. அவை சுண்ணச்சத்துப் படிவுகள் என்பதும், புற்றுநோயைக் காட்டிக்கொடுப்பவை என்பதும் பின்னரே விளங்கின. சாலமன் யூதர், நாஜி ஆட்சி அவரைப் பதவியிலிருந்து விரட்டியது. நெதர்லாந்துக்குத் தப்பிச் சென்று அவர் உயிர் பிழைத்தார். ஓவியக் கலைஞரான அவர் மகள் சார்லட், 1943-இல் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டார். அறிவியல் நூல்கள் பெரும்பாலும் இச்செய்தியை விட்டுவிடுகின்றன. எனக்கு அதை விட மனம் வரவில்லை.

சாலமன் கண்டவை அறுத்தபின் எடுத்த படங்கள். அறுப்பதற்கு முன்னரே படமெடுத்து நோயறிய முடியும் என்று 1930-இல் காட்டியவர் அமெரிக்காவின் ஸ்டாஃபோர்டு வாரன். 1950-ஐ ஒட்டி உருகுவே நாட்டு ரவுல் லெபோர்ன், மார்பகத்தை அழுத்திப் படமெடுத்துப் புள்ளிகளின் பொருளை விளக்கினார். 1960-இல் ஹூஸ்டன் நகரத்து ராபர்ட் ஈகன், மற்றவர்களும் பின்பற்றத்தக்க தெளிவான முறையை வெளியிட்டார்.

வந்தது புதிய தொல்லை! படம் எடுக்கும்போது மார்பகம் தட்டையாக அழுத்தப்படுகிறது. அறுவை மேசையில் பெண் மல்லாந்து படுத்ததும் அதன் வடிவமே மாறிவிடுகிறது. படத்தில் பளிச்சென்று தெரிந்த இடம் சதைக்குள் எங்கே இருக்கிறது? விரலும் உதவாது. குத்துமதிப்பாக அறுத்தால் பெரும்பகுதியை இழக்க நேரும். அப்படி இழந்தும் நோய் உள்ளேயே தங்கிவிடக்கூடும்.

1965-இல் ஜெரால்டு டாட் முதலியோர் ஒரு வழியை வெளியிட்டனர். அறுவைக்கு முன், படத்தின் துணைகொண்டு ஐயத்துக்குரிய இடத்துக்கு ஊசியைச் செலுத்திவிடுவது. அறுவை மருத்துவர் அந்த ஊசியைப் பின்தொடர்ந்து செல்வது. எளிய யோசனைதான். ஆயினும் உடல் அசைந்தால் ஊசி நழுவும். எனவே 1976-இல் ஃபிராங்க் முதலியோர் நுனியில் கொக்கியுள்ள கம்பியை விவரித்தனர். தூண்டில் முள் போல அது சதையைப் பற்றிக்கொள்ளும். கதிரியக்க விதையும் காந்த விதையும் இன்று பல மருத்துவமனைகளில் அப்பணியைச் செய்கின்றன.

சாலமன் செய்த வேலையும் மறையவில்லை. பெண் மேசையில் இருக்கும்போதே, வெட்டியெடுத்த துண்டு எக்ஸ்-கதிர்ப் படத்துக்குப் போகிறது. அந்தப் புள்ளிகள் துண்டுக்குள் தெரிகின்றன என்ற செய்தி வந்த பிறகே மருத்துவர் தையலிடத் தொடங்குகிறார்.