ரஜூலா கப்பலில் வந்த காய்ச்சல்

"ஃப்ளூ ஊசி போட்டும் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டேன். அப்புறம் ஊசி எதற்கு?" நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. நியாயமான கேள்விதான். விடை பழைய வரலாற்றில் இருக்கிறது.

1957-ஆம் ஆண்டு மே மாதம். நம் தருமபுரி அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2-இல்தான். சிங்கப்பூரிலிருந்து ரஜூலா கப்பல் சென்னைக்கு வந்தது. மலேயா போய்வந்த குடும்பங்களுக்கு நன்றாகத் தெரிந்த கப்பல் அது. அதில் காய்ச்சல் கண்டவர்களும் இருந்தார்கள். 'ஆசியக் காய்ச்சல்' என்று பிறகு உலகமே சொன்ன நோய் அப்படித்தான் சென்னைக்கு வந்தது. சில வாரங்களில் நாடெங்கும் பரவியது. 1958 பிப்ரவரிக்குள் இந்தியாவில் கணக்கில் வந்தவர்கள் மட்டும் சுமார் 44 லட்சம் பேர். இறந்தவர்கள் ஆயிரத்துக்கும் மேல். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த இன்ஃப்ளுயன்சா மையம் அந்தக் கிருமியை ஆராய்ந்தது.

ஃப்ளூ தடுப்பூசி அதற்கு முன்பே இருந்தது. ஆனால் 1957-இல் வந்தது புது வகைக் கிருமி. பழைய ஊசி போட்டிருந்தவர்களுக்கும் அது காவலாக இருக்கவில்லை. அமெரிக்காவில் மாரிஸ் ஹில்மன் என்ற விஞ்ஞானி புதிய கிருமியை வரவழைத்து ஆராய்ந்தார். அதைக் கொண்டு அங்கே புது ஊசி தயாரித்தார்கள்.

இதற்குப் பத்து வருஷம் முன்பே ஒரு பாடம் கிடைத்திருந்தது. 1943-இல் அமெரிக்க ராணுவத்தில் சோதித்தபோது ஊசி நன்றாக வேலை செய்தது. 1947-இலோ, போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் காய்ச்சல் வந்தது. காரணம், இடைப்பட்ட காலத்தில் கிருமி உருமாறியிருந்தது. ஒரு தடவை போட்டுவிட்டு மறந்துவிட முடியாது என்பது அப்போதுதான் புரிந்தது. இன்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், ஊசியில் எந்தக் கிருமிகளைச் சேர்க்கவேண்டும் என்று பரிந்துரைக்கிறது. சில வருஷம் அந்தக் கணிப்பு நன்றாகப் பொருந்தும், சில வருஷம் அவ்வளவாகப் பொருந்தாது.

ஆகவே, ஊசி போட்டாலும் ஃப்ளூ வரலாம். உடம்பில் எதிர்ப்பு உண்டாக இரண்டு வாரம் பிடிக்கும், அதற்குள்ளும் தொற்றிக்கொள்ளலாம். நாம் ஃப்ளூ என்று நினைப்பது பல சமயம் வேறு சளிக்காய்ச்சலாக இருக்கும். வயதானவர்கள் உடம்பில் எதிர்ப்பு சற்றுக் குறைவாகவே உண்டாகிறது. செயலிழந்த கிருமியால் செய்த ஊசியால் ஃப்ளூ வருவதில்லை.

அப்படியானால் எதற்கு ஊசி? நுரையீரல் வரை போய், ஆஸ்பத்திரியில் சேர்க்கும் நிலையும் சாவும் வரும் வாய்ப்பை அது குறைக்கிறது. சர்க்கரை, ஆஸ்துமா, இருதய நோய் உள்ள நம் போன்றவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. எப்போது போடலாம் என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள். ஊசி போட்ட பிறகும் காய்ச்சலோடு மூச்சு வாங்கினால், 'அதான் ஊசி போட்டாச்சே' என்று வீட்டில் படுத்திருக்காதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.