நெற்பவளம்

நெற்பவளம் என்பது புல் குடும்பத்தைச் சேர்ந்த, தானியம் தரும் ஒரு தாவரம் ஆகும். இதன் அறிவியல் பெயர் கோயிக்ஸ் லாக்ரிமா-ஜோபி. தமிழில் இது காட்டுக்குந்துமணி என்றும் அழைக்கப்படுகிறது. தெற்கு ஆசியாவையும் தென்கிழக்கு ஆசியாவையும் தாயகமாகக் கொண்ட இது, இன்று வெப்பமண்டல நாடுகள் பலவற்றில் ஓடைக் கரைகளிலும் ஈரமான நிலங்களிலும் தானாகவே வளர்கிறது. மக்காச்சோளத்திற்கும் சோளத்திற்கும் நெருங்கிய உறவுடைய இத்தாவரம் அணிகலனாகவும் உணவாகவும் மருந்தாகவும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது.

பெயர்

சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753 ஆம் ஆண்டில் இத்தாவரத்திற்கு அறிவியல் பெயரிட்டார். லாக்ரிமா-ஜோபி என்னும் இலத்தீன் தொடருக்கு 'யோபுவின் கண்ணீர்' என்பது பொருள். விவிலியத்தில் பெருந்துன்பங்களுக்கு உள்ளான யோபுவை இது குறிக்கிறது. கண்ணீர்த் துளி போன்ற மணியின் வடிவமே இப்பெயருக்குக் காரணம். சீனாவில் யீயீ, ஜப்பானில் ஹதோமுகி, கொரியாவில் யுல்மு, பிலிப்பைன்ஸில் அட்லாய் எனப் பல பெயர்கள் இதற்கு உண்டு.

காட்டுக்குந்துமணி என்னும் பெயரைக் கொண்டு இதனைக் குன்றிமணியுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. சிவப்பு நிறத்தில் கரும்புள்ளியுடன் காணப்படும் குன்றிமணி, அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு கொடியின் விதையாகும். அது கடும் நச்சுத்தன்மை உடையது; உண்ணத் தகாதது.

தாவர அமைப்பு

நெற்பவளம் பொதுவாக 1 முதல் 3 மீட்டர் உயரம் வரை வளரும். இலைகள் அகன்று நீண்டு, மக்காச்சோள இலைகளை ஒத்திருக்கும். இதன் மணி எனப்படுவது உண்மையில் விதை அன்று. பெண் பூவைச் சூழ்ந்துள்ள இலையுறையே உருமாறி, கெட்டியான கூடாக ஆகிறது. தானியம் இக்கூட்டினுள் இருக்கிறது. ஆண் பூக்களைத் தாங்கும் காம்பு கூட்டின் மேல்முனை வழியாக வெளியே வருகிறது. ஆகவே மணி முதிர்ந்து உதிரும்போது இரு முனைகளிலும் இயற்கையாகவே துளை அமைந்துவிடுகிறது.

இவ்வினத்தில் இரு வகைகள் முதன்மையானவை. காட்டு வகையின் கூடு பளபளப்பாகவும் மிகக் கடினமாகவும் இருக்கும். வெள்ளை, சாம்பல், பழுப்பு, கருமை ஆகிய நிறங்களில் காணப்படும். இது மணியாகக் கோக்கப் பயன்படுகிறது. மா-யுவென் எனப்படும் பயிர் வகையின் கூடு மென்மையானது, எளிதில் உடையும். உணவிற்கும் மருந்திற்கும் பெரும்பாலும் இவ்வகையே பயிரிடப்படுகிறது.

வரலாறு

சீனாவின் ஷான்சி மாநிலத்தில் உள்ள மிஜியாயா என்னும் இடத்தில் ஏறத்தாழ 5000 ஆண்டுகளுக்கு முற்பட்ட மட்கலங்கள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றில் படிந்திருந்த எச்சங்களை ஆராய்ந்து 2016 இல் வெளியிடப்பட்ட முடிவுகளின்படி, பனிவரகு, பார்லி, கிழங்குகள் ஆகியவற்றுடன் நெற்பவளமும் சேர்த்து அங்கு மது வடிக்கப்பட்டுள்ளது.

பயிர் வகையின் பெயர், கி.பி. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த மா யுவான் என்னும் ஹான் பேரரசின் படைத்தலைவரை நினைவூட்டுகிறது. இன்றைய வட வியட்நாம் பகுதிக்குப் படையெடுத்துச் சென்ற அவர், அப்பகுதியின் நோய்களிலிருந்து காத்துக்கொள்ள இத்தானியத்தை உண்டு வந்தார். திரும்பும்போது விதைக்காக ஒரு வண்டி நிறைய எடுத்துச் சென்றார். அவர் கி.பி. 49 இல் இறந்த பின்னர், வண்டியில் வந்தவை முத்துகளும் காண்டாமிருகக் கொம்புகளும் என்று பேரரசரிடம் பழி கூறப்பட்டது. பேரரசரின் சினத்திற்கு அஞ்சிய குடும்பத்தினர் அவரது உடலை முன்னோரின் இடுகாட்டில் அடக்கம் செய்யவும் துணியவில்லை. குற்றமற்றவர் மீது சுமத்தப்படும் பழியைக் குறிக்க, 'யீயீயும் முத்தும்' என்னும் பொருளுடைய மரபுத்தொடர் சீன மொழியில் இன்றும் வழங்குகிறது.

அணிகலன்

துளையிடும் கருவி எதுவும் இன்றி நூலில் கோக்கக்கூடியதாக இருப்பதே இம்மணியின் சிறப்பு ஆகும். மியான்மரிலும் தாய்லாந்திலும் வாழும் கரென் இனப் பெண்களின் மேலாடைகளில் இம்மணிகளைக் கொண்டு பூவேலை செய்யப்படுகிறது. பல நாடுகளில் கத்தோலிக்கர்கள் இவற்றைக் கொண்டு செபமாலை செய்கின்றனர். பிரேசிலில் சுரைக்குடுக்கையின் மேல் இம்மணிகளை வலைபோலக் கோத்துத் தாளக் கருவி செய்யும் வழக்கம் உண்டு.

வட அமெரிக்காவிற்குப் பிற்காலத்தில் சென்று சேர்ந்த இத்தாவரத்தைச் செரோக்கி மக்கள் 'சோளமணி' என்று அழைத்து, கழுத்துமாலைகள் செய்கின்றனர். 1838-39 இல் தாயகத்தை விட்டு வெளியேற்றப்பட்ட தம் முன்னோரின் கண்ணீர் விழுந்த இடங்களில் இது முளைத்தது என்று கூறும் மரபும் அவர்களிடையே உண்டு.

உணவு

கூடு நீக்கிய தானியம் அரிசியைப் போலவே சமைக்கப்படுகிறது. அரிசியைவிட இதில் புரதமும் கொழுப்பும் மிகுதி. வேகுவதற்கு நேரம் பிடிக்கும் என்பதால் ஊறவைத்துச் சமைப்பது வழக்கம். சீனாவில் கஞ்சியிலும் இனிப்புச் சாறுகளிலும் இதனைச் சேர்க்கின்றனர். ஜப்பானில் வறுத்த தானியத்தைக் கொதிநீரிலிட்டுத் தேநீர் போல அருந்துகின்றனர். கொரியாவில் மாவாக அரைத்துக் கெட்டியான பானமாகக் கரைக்கின்றனர். வியட்நாமில் குளிர்ந்த இனிப்புப் பானங்களில் இது இடம்பெறுகிறது. இந்தியாவின் நாகாலாந்தில் மலைச்சரிவு வயல்களில் இது பயிரிடப்படுகிறது. நாகர்கள் இதிலிருந்து மதுவும் வடிக்கின்றனர்.

ஆசியக் கடைகளில் இது சில வேளைகளில் 'சீன முத்துப் பார்லி' என்னும் பெயரில் விற்கப்படுகிறது. ஆனால் இது பார்லி அன்று. பார்லியிலும் கோதுமையிலும் உள்ள குளூட்டன் இதில் இல்லை. எனவே குளூட்டன் ஒவ்வாதவர்கள் பெயரைக் கண்டு இதனைத் தவிர்க்க நேரிடலாம். இதுவென எண்ணிப் பார்லியை வாங்கினால் தீங்கு நேரும். இதன் மாவை மட்டும் கொண்டு செய்யும் ரொட்டி உப்புவதில்லை.

மருத்துவம்

சீன மருத்துவத்தில் இத்தானியம் சிறுநீர் பெருக்கியாகவும், வீக்கம், மூட்டு வலி, வயிற்றுப்போக்கு ஆகியவற்றிற்கு மருந்தாகவும் கொடுக்கப்படுகிறது. ஜப்பானில் மருக்களுக்கு யோகுயினின் என்னும் பெயரில் உள்மருந்தாக வழங்கப்படுகிறது. இதன் எண்ணெயிலிருந்து செய்யப்படும் காங்லைட் என்னும் ஊசி மருந்து சீனாவில் புற்றுநோய்ச் சிகிச்சையில் துணை மருந்தாகப் பயன்படுகிறது. எனினும், தானியத்தை உண்பதால் புற்றுநோய் குணமாகும் என்று இதற்குப் பொருளில்லை. கருவுற்ற பெண்கள் இதனைத் தவிர்க்க வேண்டும் என்பது சீன மருத்துவ மரபின் அறிவுரை.