ஊர்தியில் இசை கூட்டல்

கருவிகள் ஒன்றையொன்று விழுங்காது இயைதலே நல்லிசை என்பது தமிழர் பழங்கொள்கை. குழல்வழி யாழும், யாழ்வழித் தண்ணுமையும், தண்ணுமைவழி முழவும் நின்றதைச் சிலப்பதிகார அரங்கேற்று காதை கூறும்.

1930இல் அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் மோட்டார் வண்டி வானொலியை விற்பனைக்குக் கொணர்ந்தனர். 1965இல் போர்டு நிறுவனம் எட்டுத்தட நாடாக் கருவியைப் பொருத்தியபின், இருபுறமும் ஒலிக்கும் ஸ்டீரியோ பரவியது. உடன் ஒரு சிக்கலும் எழுந்தது: ஓட்டுநர் நடுவில் அமர்வதில்லை. ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லிவினாடி ஆகுமாதலின், அருகிலுள்ள ஒலிபெருக்கி முந்துகிறது. அதனை அவ்வளவு தாமதித்தால் பாடகர் குரல் நேர் எதிரே நிற்கும்.

தாப்பாவிலிருந்து ரிங்லெட்டுக்கு மலையேறும் வண்டியில் எஞ்சின் இரைச்சல் மிருதங்கத்தின் தொப்பியொலியை மறைக்கும். அதற்கெனத் தாழ்ந்த ஒலியை மிகக் கூட்டினால் பாட்டின் சொல் மங்கும். சொல் தெளியும் அளவே கூட்டத்தக்க அளவு. அரங்கேற்று காதை காட்டும் இயைபும் அதுவே.