கணினி விளையாட்டும் நச்சுநிரலும்: ஒரு சுருக்க வரலாறு



மலாக்கா வரலாறு என்றதும் 1511 என்று நம் மாணவர்கள் தூக்கத்தில்கூட சொல்வார்கள். ஆனால், தினமும் தொடுகிற கணினிக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. "சார், கேம் ஆடும்போது ஆண்டிவைரஸ ஆஃப் பண்ணிடலாமா?" என்று வகுப்பில் அடிக்கடி கேட்கிறார்கள். அதற்குப் பதில் அந்த வரலாற்றிலேயே இருக்கிறது.

1. தொடக்கத்திலேயே விளையாட்டு

1982-இல் அமெரிக்காவில் ரிச் ஸ்க்ரென்டா என்ற 15 வயதுப் பள்ளி மாணவன் ஆப்பிள் 2 கணினிக்காக 'எல்க் குளோனர்' என்ற நச்சுநிரலை எழுதினான். அவனும் நண்பர்களும் விளையாட்டு வட்டுகளைக் கைமாற்றிக்கொள்வது வழக்கம். அந்த வட்டுகளில் ஏறித்தான் அது பரவியது. 50-ஆவது தடவை வட்டைப் போட்டால் திரையில் ஒரு குறும்புப் பாட்டு வரும், அவ்வளவுதான்.

1986-இல் லாகூரைச் சேர்ந்த இரண்டு சகோதரர்கள் 'பிரெய்ன்' நச்சுநிரலை எழுதினார்கள். தங்கள் மென்பொருளைத் திருட்டுத்தனமாகப் படியெடுப்பவர்களுக்காகவே எழுதினோம் என்றார்கள். 1998-இல் தைவான் மாணவர் ஒருவர் எழுதிய 'சிஐஎச்' வந்தபோது குறும்பு காலம் முடிந்தது. 1999 ஏப்ரல் 26 அன்று அது விழித்துக்கொண்டு ஆசியாவில் ஏராளமான கணினிகளின் வன்தட்டுகளை அழித்தது. திருட்டு மென்பொருள் வழியாகவும் அது பரவியிருந்தது.

2. நம் ஊர் சைபர் கஃபே காலம்

மலேசியா 1996-இல் பல்லூடகப் பெருவழித் திட்டத்தைத் தொடங்கியது. 1997-இல் கணினிக் குற்றச் சட்டத்தை இயற்றியது. திருட்டு வட்டுகளைத் தடுக்க 2000-இல் ஒளிவட்டுச் சட்டமும் வந்தது. ஆனாலும் பாசார் மாலாமில் சில வெள்ளிக்கு கேம் சிடி கிடைத்த காலம் அது.

ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பல குடும்பங்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தன. லயத்து வீட்டில் கணினி ஏது? பையன்கள் சைபர் கஃபேயில் மணிக்கணக்கு வைத்து 'கவுண்டர் ஸ்டிரைக்' ஆடினார்கள். "டேய், லேக் அடிக்குது, மொதல்ல ஆண்டிவைரஸ நிப்பாட்டு" என்பது அங்கே சாதாரணப் பேச்சு.

அதில் நியாயமும் இருந்தது. கணினி திறக்கும் ஒவ்வொரு கோப்பையும் காவல் மென்பொருள் சோதித்துப் பார்க்கும். 256 மெகாபைட் நினைவகம் மட்டுமே உள்ள கணினியில் விளையாட்டும் சோதனையும் ஒன்றாக ஓடினால் படம் திக்கும்.

3. ஒரு பென்டிரைவின் கதை

2008 வாக்கில் என் மாணவன் ஒருவன் வரலாற்று இடுபணிக்காகத் தன் தோட்டத்தின் கதையை எழுதினான். பால்மரம் வெட்டிய பாட்டியின் பேச்சை கைப்பேசியில் பதிவு செய்து பென்டிரைவில் வைத்திருந்தான். அச்செடுக்கப் போன கடையில் அதைச் செருகினான். பக்கத்துக் கணினிகளில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. எதிலும் காவல் மென்பொருள் ஓடவில்லை. வீட்டில் திறந்தபோது கோப்புறைகளைக் காணோம். அதே பெயரில் போலிக் கோப்புகள் இருந்தன.

"வைரஸ் தின்னுடுச்சு" என்று யாரோ சொல்ல, அதை ஃபார்மட் செய்துவிட்டான். உண்மையில் அந்த வகை நச்சுநிரல் கோப்புகளை அழிப்பதில்லை, மறைத்துத்தான் வைக்கும். கொஞ்சம் விவரம் தெரிந்திருந்தால் மீட்டிருக்கலாம். இடுபணியை மறுபடியும் எழுதிவிட்டான். பாட்டியின் குரல் போனது போனதுதான். எனக்கும் அப்போது தெரியவில்லை என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

4. மாறியதும் மாறாததும்

இன்றைய கணினிகளுக்கு அந்த நெருக்கடி பெரும்பாலும் இல்லை. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் காவல் மென்பொருள் கணினியோடு சேர்ந்தே வருகிறது. பல காவல் மென்பொருள்களில் 'கேம் மோடு' உண்டு. ஆடும்போது அது அறிவிப்புகளையும் முழுச் சோதனையையும் தள்ளிப்போடும். காவலை மட்டும் விடாது.

பழைய பழக்கம்தான் மாறவில்லை. 2015-இல் பரவிய 'டெஸ்லாகிரிப்ட்' விளையாட்டாளர்கள் சேமித்த கோப்புகளையே பூட்டிவைத்துப் பணம் கேட்டது. 2021-இல் 'கிராக்கோனோஷ்' பற்றிய செய்தி வெளிவந்தது. இலவசமாகக் கிடைத்த திருட்டு விளையாட்டுகளுக்குள் ஒளிந்து, காவல் மென்பொருளை நீக்கிவிட்டு, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் திருட்டுத்தனமாக மின்காசு தோண்டியது அது.

"நிறுவும் முன் ஆண்டிவைரஸை நிறுத்தவும்" என்று ஒரு விளையாட்டு சொன்னால், வீட்டு நாயைக் கட்டிப்போடச் சொல்கிற திருடனை நினைத்துக்கொள்ளுங்கள்.

5. மாணவர்கள் செய்ய வேண்டியவை

• காவலை நிறுத்தாதீர்கள். கேம் மோடைப் பயன்படுத்துங்கள்.
• முழுச் சோதனையை ஆடாத நேரத்துக்கு மாற்றி வையுங்கள்.
• இடுபணிக்கு இரண்டு பிரதிகள் வேண்டும். ஒன்று வேறு இடத்தில் இருக்கட்டும்.
• கோப்பு காணாமல் போனால் உடனே ஃபார்மட் செய்யாமல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.

சிந்தனை வினாக்கள்

1. எல்க் குளோனருக்கும் கிராக்கோனோஷுக்கும் நோக்கத்தில் உள்ள வேறுபாட்டை விளக்குக.
2. சைபர் கஃபே காலத்தில் காவல் மென்பொருளை நிறுத்தியதற்கான காரணம் இன்றும் பொருந்துமா? ஆராய்க.
3. உங்கள் தோட்டம் அல்லது ஊரின் மூத்தவர் ஒருவரின் பேச்சைப் பதிவு செய்து, இரண்டு இடங்களில் சேமித்து வகுப்புக்குக் கொண்டு வருக.