போர் முடிஞ்சதும் பறிபோன பட்டம்

பெண்கள் ஏன் குருவாகக் கூடாதுன்னு கேட்டா, பெரும்பாலும் வர்ற முதல் பதில் "மரபு அப்படி". அந்த மரபு ஒரு தடவை உடைஞ்சப்போ என்ன ஆச்சுன்னு இன்னைக்குப் பார்ப்போம்.

ஃப்ளாரன்ஸ் லீ டிம் ஒய், 1907-ல ஹாங்காங்கில் பிறந்தவர். இறையியல் படித்து, 1941-ல ஆங்கிலிக்கன் சபையில் உதவிகுரு ஆனார். பக்கத்தில் இருந்த மக்காவ்தான் அவருடைய பணியிடம். அந்த வருஷ டிசம்பரில் ஜப்பான் ராணுவம் ஹாங்காங்கைப் பிடித்தது. மக்காவ் போர்ச்சுகலின் காலனி. போர்ச்சுகல் நடுநிலை நாடு என்பதால், அகதிகள் அங்கே குவிந்தார்கள்.

இப்போ ஒரு சிக்கல். திருவிருந்து கொடுக்க குருப்பட்டம் வேணும். பட்டம் பெற்ற ஆண்கள் யாரும் மக்காவுக்கு வர முடியல. முதலில், உதவிகுருவாகவே திருவிருந்து நடத்த அவருக்கு அனுமதி கிடைத்தது. ஆனா பிஷப் ரொனால்ட் ஹாலுக்கு அது உறுத்தியது. பட்டம் இல்லாதவர் நடத்துவதுதானே பெரிய விதிமீறல்? 1944 ஜனவரி 25 அன்று, தென்சீனாவில் அவருக்கு முறைப்படி குருப்பட்டம் கொடுத்தார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் பெண் குரு. அந்தப் பட்டத்தை வாங்க, போருக்கு நடுவே ஜப்பானியர் வசமிருந்த பகுதிகளைத் தாண்டிப் போனார்.

போர் முடிந்தது. உடனே எதிர்ப்பும் வந்தது. பிஷப்பின் மேல் அழுத்தம் கூடியது. அவரைக் காப்பாற்ற, 1946-ல டிம் ஒய் குருவாகப் பணி செய்வதை நிறுத்திக்கொண்டார். கவனிங்க, பட்டத்தைத் துறக்கல. பயன்படுத்த மாட்டேன்னு மட்டும்தான் ஒப்புக்கிட்டார்.

நம்ம பாஷையில சொன்னா, ராத்திரி சர்வர் விழுந்தப்போ போட்ட ஹாட்ஃபிக்ஸ். நல்லா ஓடுது. காலையில வந்து ரோல்பேக் பண்ணிட்டாங்க! "இருபது வருஷம் சோதனையா நடத்திப் பார்க்கலாமே"ன்னு சீன சபை ஒரு யோசனையை முன்வைத்தது. 1948 லாம்பெத் மாநாடு அதையும் ஏற்கவில்லை.

பிறகு சீனாவில் ஆலயங்கள் மூடப்பட்டன. கலாச்சாரப் புரட்சியும் வந்தது. பண்ணை வேலை, அவமானம் என்று வருஷங்கள் போயின. 1971-ல ஹாங்காங் மேலும் 2 பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுத்து, டிம் ஒய்யின் பட்டத்தையும் அங்கீகரித்தது. 1980-களில் கனடாவுக்குப் போய் மறுபடியும் குருவாகப் பணி செய்தார்.

1992 பிப்ரவரியில் அவர் இறந்தார். அதே வருஷம் நவம்பர் 11 அன்று, இங்கிலாந்து சபை பெண் குருக்களுக்காக வாக்கெடுப்பு நடத்தியது. மூன்று அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேணும். பொதுமக்கள் பிரதிநிதிகள் அவையில் 169-க்கு 82. அதில் 2 பேர் மாற்றி வாக்களித்திருந்தால் தீர்மானம் தோற்றிருக்கும். 1994 மார்ச்சில், பிரிஸ்டல் கதீட்ரலில் 32 பெண்கள் குருப்பட்டம் பெற்றார்கள்.

1944-லயும் 1946-லயும் அதே பெண், அதே படிப்பு, அதே வேதப்புத்தகம். மாறினது ஒண்ணே ஒண்ணு: ஆண்கள் வந்து சேர வழி திறந்துடுச்சு. ஆள் இல்லாதப்போ இருந்த தகுதி, ஆள் வந்ததும் எங்கே போச்சு? அடுத்த முறை யாராவது "மரபு"ன்னு சொன்னா, இதைக் கேட்டுப் பாருங்க.