ஜொகூர் நீரிணையைக் கடந்த ரயில்

சிங்கப்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையே ரயில் போக்குவரத்து உருவானபோது கடப்பிதழ் பார்க்கும் எல்லை அங்கே இல்லை, நீரிணைதான் தடை. 1903-ல் சிங்கப்பூரின் டேங்க் ரோட்டிலிருந்து உட்லண்ட்ஸ் வரை பாதை திறந்தது. 1909-ல் கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான ஜொகூர் அரசு ரயில்பாதை முடிந்தது. இரண்டுக்கும் நடுவே பயணிகள் படகில் கடந்தார்கள். சரக்குப் பெட்டிகள் மிதவைகளில் கடத்தப்பட்டன. தோட்டங்களின் கித்தாவும் சுரங்கங்களின் வெள்ளீயமும் பெருகப் பெருக மிதவைகள் திணறின.

அதனால் பிறந்ததே ஜொகூர் கடற்பாலம். 1919-ல் தொடங்கிய வேலையை டாப்ஹாம், ஜோன்ஸ் அண்ட் ரெயில்டன் நிறுவனம் செய்தது. புலாவ் உபினிலிருந்தும் புக்கிட் தீமாவிலிருந்தும் கருங்கல் வந்தது. 1923 செப்டம்பரில் சரக்கு ரயிலும், அக்டோபர் 1-ல் பயணிகள் ரயிலும் ஓடின. அதிகாரபூர்வத் திறப்பு 1924 ஜூன் 28. ஒரு கிலோமீட்டருக்குச் சற்று கூடுதலான இந்தக் கற்பாலம் முதலில் ரயிலுக்காகத்தான் எண்ணப்பட்டது. சாலை அதனுடன் சேர்ந்து வந்தது. இன்று அதன்மேல் நிற்கும் வாகன வரிசையைப் பார்ப்பவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

மலாயா ரயில்வேயின் தண்டவாள வேலையில் தமிழர்களின் உழைப்பு பெரிது. நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் இருந்தனர். சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் இன்று உயர்ந்து நிற்கும் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயம், 1932-ல் ரயில்வே தொழிலாளர்கள் தொடங்கிய சிறு வழிபாட்டிடத்திலிருந்து வளர்ந்தது.

அதே ரயில்வேயில் மலாக்காவுக்குக் கிடைத்தது ஒரு கிளைப்பாதை. 1905-ல் தம்பினிலிருந்து மலாக்கா நகர் வரை அது ஓடியது. மலாக்கா மாநிலத்தின் செர்காம், மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டங்களை அது தொடவில்லை. ஜப்பானியர் ஆட்சியில் அந்தத் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு சயாம்-பர்மா ரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டன. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களும் அதே பாதைக்கு அனுப்பப்பட்டார்கள், பலர் திரும்பவில்லை. போருக்குப் பின் மலாக்கா கிளை மீண்டும் போடப்படவில்லை. சிங்கப்பூருக்கு வேலை தேடிப் போன செர்காம் பகுதியினருக்குப் பேருந்தும் மோட்டார் சைக்கிளும் காருமே வழியாயின.

1965 ஆகஸ்ட் 9-ல் சிங்கப்பூர் தனி நாடானது. 1967-ல் பாலத்தில் குடிநுழைவுச் சோதனை வந்தது. அன்றிலிருந்து இந்தப் பயணத்தின் நேரத்தைத் தீர்மானிப்பது வண்டியின் வேகமல்ல, சோதனை எங்கே நடக்கிறது என்பதுதான். இதன் உச்சத்தை 1998 காட்டியது. சிங்கப்பூர் தன் ரயில் சோதனையைத் தஞ்சோங் பாகார் ரயில் நிலையத்திலிருந்து உட்லண்ட்ஸுக்கு மாற்றியது, மலேசியா மாற்றவில்லை. வடக்கே போகும் பயணி, சிங்கப்பூரை விட்டு வெளியேறும் முன்பே மலேசியாவுக்குள் நுழைந்தவராகப் பதிவானார். இச்சிக்கலைத் தீர்க்க 2010 மே மாதம் இரு நாட்டுப் பிரதமர்களும் உடன்பாட்டுக்கு வந்தனர். 2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பாகாரிலிருந்து கடைசி ரயிலை ஜொகூர் சுல்தான் இப்ராகிம் தாமே ஓட்டிச் சென்றார்.

2015 ஜூலையில் தொடங்கிய ஷட்டில் தெப்ராவ் ரயில், ஜொகூர் பாரு சென்ட்ரலிலிருந்து உட்லண்ட்ஸுக்கு ஐந்தே நிமிடத்தில் போகிறது. ஆனால் டீசல் எஞ்சின் இழுக்கும் இந்த வண்டியில் ஒரு நடைக்குச் சுமார் 300 பேருக்குத்தான் இடம்; பாலத்தை அன்றாடம் கடப்பவர்களோ மூன்று லட்சத்துக்கும் மேல். மற்றவர்கள் சாலையில் காத்திருக்கிறார்கள். மணிக்கணக்கில் ஊர்ந்து நிற்கும் வாகனம் தூரம் போகாமலேயே எரிபொருளைத் தின்று புகை கக்குகிறது. இங்கே கரியமில வாயுவைக் குறைப்பது பெரிதும் வரிசையைக் குறைப்பதே.

ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில் பாதை இந்த இடத்தில்தான் கைவைக்கிறது. அதுவும் 2010 மே உடன்பாட்டில் பிறந்த திட்டம். 2018 ஜனவரியில் ஒப்பந்தம் கையெழுத்தானது; 2019-ல் மலேசியாவின் வேண்டுகோளால் நிறுத்தி வைக்கப்பட்டு, 2020 ஜூலையில் மீண்டும் தொடங்கியது. புக்கிட் சாகாரின் உயர்நிலை நிலையத்திலிருந்து 25 மீட்டர் உயரப் பாலத்தில் நீரிணையைக் கடந்து, உட்லண்ட்ஸ் நார்த்தில் நிலத்தடியில் முடியும் 4 கிலோமீட்டர் பாதை. மின்சார ரயில், மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர் வரை. இரு நாட்டுச் சோதனையும் புறப்படும் நிலையத்திலேயே முடிந்துவிடும். இறங்குமிடத்தில் வரிசை இல்லை. உட்லண்ட்ஸ் நார்த்தில் இறங்குபவர் தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் சுரங்க ரயிலுக்கு மாறலாம். மின்சாரத்தின் பெரும்பகுதியை சிங்கப்பூர் இயற்கை எரிவாயுவிலிருந்து எடுப்பதால் இப்பயணம் கரியமில வாயுவே இல்லாததாகிவிடாது. ஆயினும் தனி ஆளைச் சுமக்கும் காரோடு ஒப்பிட்டால் ஆளுக்கான அளவு மிகக் குறைவு. சேவை தொடங்குவதற்கான இலக்கு 2026 இறுதி அல்லது 2027 ஜனவரி என வகுக்கப்பட்டது.

செர்காமிலிருந்து வேலைக்குப் போகிறவருக்கு இந்தப் பயணத் தொடரில் முதல் கண்ணிதான் பலவீனமானது. கெமாஸ்-ஜொகூர் பாரு பாதையும் மின்மயமாகிவிட்டதால் புலாவ் செபாங்/தம்பின் நிலையத்திலிருந்து ஜொகூர் பாரு வரை இன்று மின்சார ரயில் வழி இருக்கிறது. ஆனால் அந்த நிலையத்தை அடைய 1905-ல் போட்ட கிளைப்பாதை இல்லை, சாலைதான்.